பஞ்சாரத்துக்குள் பாரதப் போர்

பார்ப்பதற்குக் கோழிக் குஞ்சைவிடச் சாதுவான பிராணி உலகத்தில் வேறொன்று இருப்பதாகத் தோன்றாது. உள்ளங்கையில் எடுத்து வைத்தால் பஞ்சுப் பொதிபோல் இருக்கிறது. கீச்சுக் கீச்சென்று கத்துவதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது என்றே எல்லோரும் நம்புகிறோம். அப்படிப்பட்ட குஞ்சுகள் 20-ஐ ஓர் அட்டைப் பெட்டியில் விட்டு, தலைக்கு மேலே ஒரு விளக்கையும் தொங்கவிட்டு, மூன்று வாரம் கழித்து எட்டிப் பார்த்தால் அங்கே காணும் காட்சி வேறு விதமாக இருக்கும். ஒரு குஞ்சு மூலையில் தலையைப் புதைத்துக்கொண்டு நிற்கிறது. அதன் வால் பக்கம் இறகு உதிர்ந்து சிவந்திருக்கிறது. மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து, சிவந்த அந்த இடத்திலேயே கொத்திவிட்டுப் போகின்றன. தடுப்பார் இல்லாவிட்டால், காலையில் தொடங்கிய இந்தத் திருவிளையாடல் மாலைக்குள் ஓர் உயிரைக் குடித்துவிடுவதும் உண்டு.

இதைக் கண்டதும் வீட்டில் இரண்டு கட்சிகள் ஏற்படுவது வழக்கம். "கோழி ஜாதியின் குணமே அதுதான், நாம் என்ன செய்ய முடியும்?" என்று கைவிரிப்பது ஒரு கட்சி. "அதோ அந்தக் கறுப்புக் குஞ்சுதான் போக்கிரி, பெரிதானதும் முதலில் குழம்புக்குப் போக வேண்டியது அதுதான்" என்று தீர்ப்புக் கூறுவது மற்றொரு கட்சி. இரண்டு கட்சியும் குஞ்சுகளையே பார்க்கின்றனவே தவிர, அவற்றை அடைத்து வைத்திருக்கும் பெட்டியைப் பார்ப்பதில்லை. குற்றவாளி பெரும்பாலும் அந்தப் பெட்டிதான் என்பது நமது அபிப்பிராயம். கொல்லைப்புறத்திலும் மொட்டை மாடியிலும் நாட்டுக்கோழி வளர்க்கும் ஆசை இப்போது பல குடும்பங்களில் பரவியிருப்பதால், இந்த விஷயத்தைச் சற்று விவரமாகவே எழுதலாம் என்று நினைக்கிறோம்.

அலகே கை

குஞ்சு ஏன் கொத்துகிறது? நமக்குக் கை எப்படியோ, அப்படி அதற்கு அலகு. ஒரு பொருள் தின்னத் தக்கதா, தகாததா என்று அறிவதற்குக் கொத்திப் பார்ப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. முட்டை ஓட்டை உடைத்துக்கொண்டு வந்த அன்றே, கண்ணில் படும் சிறு புள்ளிகளையெல்லாம் அது கொத்தத் தொடங்கிவிடுகிறது. நொய்யும் புள்ளிதான், எறும்பும் புள்ளிதான், பக்கத்தில் நிற்கும் தம்பியின் கண்ணும், கால் விரல் நுனியும் புள்ளிகள்தாம்! முதல் வாரத்தில் ஒன்றன் காலை ஒன்று கொத்துவதில் பகையும் இல்லை, பாவமும் இல்லை. அது வெறும் பரீட்சை.

அந்தப் பரீட்சையில் தேறுவதற்கு இயற்கை ஓர் உபாத்தியாயினியை ஏற்படுத்தியிருக்கிறது. தாய்க்கோழி குப்பையைக் கிளறி, ஒரு புழுவைக் கண்டதும், தான் தின்னாமல் அதை எடுப்பதும் போடுவதுமாக 'கொக் கொக்' என்று விசேஷமான ஒரு குரலில் கூப்பிடுகிறது. குஞ்சுகள் ஓடி வந்து, எதைக் கொத்த வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்கின்றன. களைத்துப் போனவை அதன் சிறகுக்குள் நுழைந்துகொள்கின்றன. அங்கே சூடு இருக்கிறது. அதோடு இருட்டும் இருக்கிறது. தூங்கும் குஞ்சை விழித்திருக்கும் குஞ்சு காண முடியாது. காணாததைக் கொத்தவும் முடியாது. 'கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?' என்று கேட்ட நம் முன்னோர்கள், தாயின் காலடியைவிட ஆபத்தற்ற இடம் குஞ்சுக்கு இல்லை என்பதை நன்றாக அறிந்திருந்தார்கள்.

குஞ்சு பொரிக்கும் யந்திரத்திலிருந்து வாங்கி வரும் குஞ்சுகளுக்கு இந்தத் தாய் இல்லை. அதன் ஸ்தானத்தில் நாம் வைப்பது ஒரு மின்சார விளக்கு. விளக்கு சூட்டைக் கொடுக்கிறது. ஆனால் குப்பையைக் கிளறிக் காட்டுவதில்லை. இருட்டுக்குப் பதிலாக இரவும் பகலும் வெளிச்சத்தைக் கொட்டுகிறது. தூங்குகிற குஞ்சும், வேலையின்றி விழித்திருக்கிற குஞ்சும் ஒரே வெளிச்சத்தில் ஒரே இடத்தில் கிடக்கின்றன. தாயுடன் வளர்ந்த குஞ்சுகளிடம் இறகு கொத்தும் பழக்கம் குறைவு என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருப்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? மேல் நாடுகளில் சூடுள்ள பகுதியை இருட்டாகவும், தீனியுள்ள பகுதியை வெளிச்சமாகவும் அமைத்துக் குஞ்சுகளை வளர்த்துப் பார்த்ததிலும் அந்தப் பழக்கம் குறைந்தது. சிறகின் உபகாரத்தில் பாதி அதன் சூடு; மறு பாதி அதன் மறைவு.

நார்வே தேசத்துச் சிறுவன்

கொத்துவதிலே இன்னொரு வகையும் உண்டு. அதைக் கண்டு சொன்னவர் நார்வே தேசத்தைச் சேர்ந்த தோர்லீஃப் ஷெல்டெருப்-எப்பே என்பவர். அவர் 1894-ல் பிறந்தவர். சிறு பையனாக இருந்தபோதே கோழிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எது எதைக் கொத்துகிறது என்று குறித்துவைக்கத் தொடங்கிவிட்டார். அந்த விளையாட்டே பிற்காலத்தில் ஆராய்ச்சியாகி, 1922-ல் ஜெர்மன் பாஷையில் பிரசுரமாயிற்று. ஒரு கூட்டத்திலுள்ள கோழிகள் ஒன்றையொன்று முகம் தெரிந்து வைத்திருக்கின்றன; எந்த இரண்டை எடுத்தாலும் அவற்றில் ஒன்று கொத்தும், மற்றொன்று விலகும்; முதற் கோழி எல்லாவற்றையும் கொத்தும், கடைசிக் கோழி எல்லாவற்றிடமும் கொத்துப்படும் — இவையே அவர் கண்ட உண்மைகள். சில சமயம் முதலாவது இரண்டாவதையும், இரண்டாவது மூன்றாவதையும் கொத்த, மூன்றாவது திரும்பி வந்து முதலாவதையே கொத்தும் விந்தையையும் அவர் கண்டார். சர்க்கார் ஆபீசுகளிலும் இப்படி நடப்பதுண்டு என்று நேயர்கள் சொல்லக்கூடும்!

குஞ்சுகளிடம் இந்த வரிசை பிறந்தவுடன் இருப்பதில்லை. இரண்டு மூன்று வாரத்தில் அவை மார்போடு மார்பு மோதிக் குதிப்பது வெறும் விளையாட்டு. ஏறக்குறைய ஆறாவது வாரத்திலிருந்து பத்தாவது வாரத்துக்குள்தான் உண்மையான வரிசை அமைகிறது. சேவல் குஞ்சுகள் பெட்டைகளைவிடச் சற்று முந்திக்கொள்கின்றன. வரிசை அமைந்துவிட்டால் சண்டை குறைந்துவிடும். உயர்ந்த ஸ்தானத்தில் இருப்பது ஒரு முறை தலையைத் தூக்கிப் பார்த்தாலே போதும், தாழ்ந்தது விலகிவிடும். ஆகவே, இந்தச் சண்டையில் நாம் தலையிடுவதனால் லாபமில்லை. தலையிட்டுப் பிரித்தால், முடிய வேண்டிய வழக்கு மறுபடியும் முதல் கோர்ட்டிலிருந்து ஆரம்பமாகும்.

எது சண்டை, எது ஆபத்து?

ஆனால் எல்லாக் கொத்தும் வரிசைக் கொத்து அன்று. இரண்டையும் வேறுபடுத்தி அறிவதுதான் வளர்ப்பவருக்கு வேண்டிய முதல் பாடம். அது கடினமும் அன்று.

வரிசைக்காகக் கொத்தும் கோழி எதிரியின் தலையிலோ கழுத்திலோ கொத்தும். ஒரே கொத்து, வெடுக்கென்று இருக்கும். கொத்துப்பட்டது ஓடும், விஷயம் அதோடு தீர்ந்தது. மற்றொரு வகைக் கொத்து முதுகிலும், வாலடியிலும், எச்சத் துவாரத்தைச் சுற்றியும் விழும். அதில் கோபமே இராது. குப்பையில் தீனி பொறுக்குவதுபோல நிதானமாக, திரும்பத் திரும்ப, ஓர் இறகை இழுக்கும். அதைத் தின்னவும் செய்யும். கொத்துப்படும் குஞ்சு பல சமயங்களில் ஓடாமல் நின்றுகொண்டே இருக்கும். இதுதான் ஆபத்தானது. தரையில் கிளறிப் பொறுக்க வேண்டிய வேலை கிடைக்காதபோது, அந்த வேலையையே குஞ்சு பக்கத்துக் குஞ்சின் முதுகில் செய்கிறது என்பது அறிஞர்களில் பலர் கொண்டுள்ள கருத்து.

குஞ்சுப் பருவத்தில் பஞ்சு உதிர்ந்து இறகு முளைக்கும் சமயம் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய காலம். புதிதாக முளைக்கும் இறகுக் குருத்துக்குள் இரத்தம் ஓடுகிறது. அது ஒடிந்தால் இரத்தம் கசியும். சிவப்பு நிறம் கோழியின் கண்ணை இழுக்கும். ஒன்று கொத்தியதைப் பார்த்து மற்றவையும் கொத்தும். இரத்தத்தின் சுவையும் தெரிந்துவிட்டால் பிறகு அது கூட்டம் முழுவதற்கும் தொற்று வியாதிபோல் பரவுகிறது. எனவே நமது விதி இதுதான்: வரிசைச் சண்டையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாம்; இரத்தத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாழிகைகூடச் சும்மா இருக்கலாகாது.

பெட்டியைத் திருத்துவோம்

நாம் பள்ளிக்கூடத்தில் பல வருஷம் பாடம் நடத்தியதில் ஓர் உண்மையைக் கண்டிருக்கிறோம். நாற்பது பிள்ளைகளுக்குக் கட்டிய அறையில் அறுபது பேரை அடைத்து, ஜன்னலையும் சாத்தி, பசிக்கிற வேளையில் வேலை ஒன்றும் கொடுக்காமல் உட்கார வைத்தால், எவ்வளவு நல்ல பிள்ளையும் அடுத்தவனைக் கிள்ளத்தான் செய்வான். குஞ்சுகளின் கதையும் அதுவே. இடம், சூடு, வெளிச்சம், தீனி, வேலை ஆகிய ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது இடம். முதல் நான்கு வாரம் வரையில் ஒரு குஞ்சுக்கு அரைச் சதுர அடியாவது வேண்டும். அதற்கு மேல் எட்டு வாரம் வரையில் ஒரு சதுர அடி. 20 குஞ்சுகளுக்கு முதலில் 10 சதுர அடி, பிறகு 20 சதுர அடி என்று ஆகிறது. வாங்கி வந்த அன்று விசாலமாகத் தோன்றிய அட்டைப் பெட்டி மூன்றாவது வாரத்தில் ரயில் வண்டியின் மூன்றாம் வகுப்பாக மாறிவிடும். குஞ்சு வளர்கிறது, பெட்டி வளர்வதில்லை என்பதை மறப்பவர்கள் பலர். ஓடி ஒளிவதற்கும் இடம் வேண்டும். சாய்த்து வைத்த ஒரு பலகை, கவிழ்த்த கூடை, தாழ்வான ஒரு குச்சி — இவை இருந்தால் பலவீனமான குஞ்சு பார்வையிலிருந்து தப்பிவிடும். கூர்மையான மூலைகளை வளைந்த தகட்டினாலோ அட்டையினாலோ மறைத்துவிடுவது நல்லது.

இரண்டாவது சூடு. முதல் வாரம் குஞ்சின் முதுகு மட்டத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் இருந்தால் போதும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைத்து வர வேண்டும். குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்று கணக்கிட்டு, 20 குஞ்சுகளுக்கு 40 வாட் குண்டு பல்பு ஒன்று போடலாம். இப்போது வீடுகளில் எரியும் எல்.ஈ.டி. விளக்கு வெளிச்சம் தருமேயன்றி இதற்கு வேண்டிய சூட்டைத் தராது. சித்திரை, வைகாசி மாதங்களில் நம் நாட்டில் பகற்பொழுதின் வெயிலே 95 டிகிரியைத் தாண்டிவிடுவதால், அப்போதும் பகலில் விளக்கு எரிப்பது குஞ்சுகளை வறுப்பதாகும். வெப்பம் மிகுந்தால் எரிச்சலும், எரிச்சலினால் கொத்தும் வரும். இதற்கு உஷ்ணமானி இல்லாவிட்டாலும் பாதகமில்லை. குஞ்சுகள் விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறினால் குளிர். விளக்கைவிட்டு ஓரத்துக்குப் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. ஆங்காங்கே பரவிப் படுத்திருந்தால் சரியான நிலை.

மூன்றாவது வெளிச்சம். கண்ணைப் பறிக்கும் வெள்ளை விளக்கு வேண்டாம். சிவப்பு நிற பல்பு கிடைத்தால் அதைப் போடலாம். சிவப்பு ஒளியிலே இரத்தம் தனியாகத் தெரியாது. இரவில் வெளிக்காற்றே போதிய வெதுவெதுப்பாக இருக்குமானால், முதல் சில நாட்களுக்குப் பின் விளக்கை அணைத்து இருட்டிலே தூங்கவிடுவது உத்தமம்.

நான்காவது தீனி. வெறும் நொய்யைப் போட்டுக் குஞ்சு வளர்ப்பது பல வீடுகளில் வழக்கம். நொய் வயிற்றை நிரப்பும், இறகை வளர்க்காது. இறகு என்பது ஏறக்குறைய முழுவதும் புரதச் சத்து. குஞ்சுத் தீனியில் நூற்றுக்கு 20 பங்கு அளவில் புரதம் இருக்க வேண்டும். அது குறைந்தாலும், உப்புச் சத்துக் குறைந்தாலும் குஞ்சுகள் இறகைத் தேடிக் கொத்துகின்றன. அதற்காக உப்பை அள்ளிப் போட்டுவிடக் கூடாது. உப்பு மிகுந்தால் குஞ்சுக்கு விஷம். கடையில் விற்கும் குஞ்சுத் தீவனத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு, நம் கிராமத்தார் செய்வதுபோல் கறையான் பிடித்துப் போடலாம். பழைய பானையில் சாணத்தையும், வைக்கோலையும், கிழிந்த சாக்கையும் திணித்து, நீர் தெளித்து, கறையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் காலையில் பானைக்குள் கறையான் ஏறியிருக்கும். குஞ்சுகளுக்கு அதைவிட உயர்ந்த விருந்து இல்லை. தீனித் தட்டும் தண்ணீர்த் தட்டும் இரண்டிரண்டாக, ஒன்றுக்கொன்று தூரத்தில் இருக்கட்டும். ஒரே தட்டானால் ஒரு போக்கிரி அதற்குக் காவல் நின்றுவிடும். இரண்டு தட்டுக்குக் காவல் நிற்க எந்தப் போக்கிரிக்கும் முடியாது.

ஐந்தாவது வேலை. இதுதான் பலரும் மறப்பது. தரையில் வழுக்கும் காகிதத்தை மட்டும் விரிக்காமல், இரண்டு அங்குலம் உமி பரப்பி, முதல் சில நாட்களுக்குப் பின் கொஞ்சம் கம்பையோ நொறுக்கிய சோளத்தையோ அதில் தூவினால் நாள் முழுவதும் கிளறிக்கொண்டிருக்கும். முருங்கைக்கீரையையோ அகத்திக்கீரையையோ கொத்தாகக் கட்டி, குஞ்சின் தலை உயரத்தில் தொங்கவிடலாம். அகலமான ஒரு சட்டியில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து வைத்தால் அதில் புரண்டு குளிக்கும். செள்ளும் பேனும் குறையும். வெயில் தணிந்த வேளையில் பஞ்சாரத்தைப் புல்தரையில் கவிழ்த்து அதற்குள் விட்டால், அங்கே கொத்துவதற்கு ஆயிரம் பொருள் இருக்கும்போது அண்ணன் தம்பியின் முதுகு யாருக்கு வேண்டும்?

இரத்தம் கண்டால்

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் ஒரு நாள் காயம் பட்டுவிடலாம். உடனே காயம்பட்ட குஞ்சை எடுத்துவிட வேண்டும். வெதுவெதுப்பான நீரால் காயத்தைக் கழுவி, மஞ்சள் தூளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவலாம். கசப்பு, கொத்த வரும் அலகைத் தடுக்கும். மஞ்சள், சிவப்பை மறைக்க உதவும். எச்சத் துவாரத்தில் எச்சம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தாலும் மற்றக் குஞ்சுகள் அங்கே கொத்தத் தொடங்கும்; அதையும் வெந்நீரில் நனைத்து மெதுவாகக் கழற்றிவிட வேண்டும். பிடுங்கினால் தோல் கிழியும். காயம் ஆழமாக இருந்தால் கால்நடை வைத்தியரிடம் காட்டுவதே முறை.

பிரித்து வைப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அடிபட்ட குஞ்சை வேறு அறையில் வைத்துச் சில வாரம் கழித்துக் கொண்டுவந்தால், கூட்டத்துக்கு அது அந்நியனாகிவிடும். பழைய உபத்திரவம் புதிதாகத் தொடங்கும். ஆகையால் அதே இடத்தில் ஒரு கம்பி வலை கட்டி, வலைக்கு அப்பால், மற்றவை பார்க்கும்படி வைப்பது நல்லது. தனியாக வாடாமல் இருக்கச் சாதுவான ஒரு துணைக் குஞ்சையும் உடன் விடலாம். காயம் உலர்ந்து தோல் மூடிய பின், அந்தி மயங்கும் வேளையில் சேர்த்துவிட்டால், காலையில் எல்லாம் ஒன்றாகவே கண் விழிக்கும்.

கொத்துவது கூட்டமாக இல்லாமல் ஒரே ஒரு குஞ்சின் வேலையாக இருந்தால், அப்போது விலக்க வேண்டியது கொத்துகிற குஞ்சையே. இரண்டு மூன்று நாள் அதைத் தனியே வைத்திருந்து திருப்பி விட்டால், அது இல்லாத சமயத்தில் மற்றவை தைரியம் பெற்றிருக்கும். திரும்பி வருகிறது தன் ஸ்தானத்தைப் புதிதாகத் தேட வேண்டியிருக்கும். பல போக்கிரிகளுக்கு இந்தச் சிறைவாசமே போதும்.

புதியவர்களும் பெருவிடைகளும்

வயதில் வேறுபட்ட குஞ்சுகளைத் திடீரென்று ஒன்றாக விடுவதும், ஒரே நிறக் கூட்டத்தில் வேறு நிறத்ததாக ஒன்றை மட்டும் விடுவதும் கலகத்துக்கு வித்து. அடைக்கோழி இருந்தால், வாங்கி வந்த ஒரு நாள் குஞ்சுகளை இரவில் அதன் சிறகடியில் மெதுவாக வைத்துவிடலாம். தன் குஞ்சு பொரிக்கும் தறுவாயில் இருக்கும் கோழி பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். அடைகாப்பதில் நம் சிறுவிடைக் கோழிக்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் சில நாள் வளர்ந்துவிட்ட அந்நியக் குஞ்சை அது கொத்தி விரட்டும். சொந்தக் குஞ்சுகளையே அது சில வாரங்களுக்குப் பின் கொத்திப் பிரித்துவிடும். அது கொடுமையன்று, அடுத்த முட்டைக்குத் தயாராகும் தாய், பிள்ளைகளைத் தனிக் குடித்தனம் வைக்கிறது.

சண்டைக்கோழி ஜாதியான பெருவிடை இனத்துக்கு மட்டும் நாம் மேலே சொன்ன விதியில் ஒரு விலக்கு உண்டு. அதன் சேவல் குஞ்சுகள் இளம் பருவத்திலேயே தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் போரிடும். வரிசை தானாக அமையும் என்று காத்திருந்தால் கண் போகும், உயிரும் போகும். அவற்றைக் காலாகாலத்தில் தனித்தனியே பிரித்துவிட வேண்டும்.

அலகின் நுனியை வெட்டிவிடுவது ஒரு பரிகாரம் என்று சிலர் சொல்வார்கள். ஆயிரக்கணக்கில் வளர்க்கும் பெரிய பண்ணைகளில் அது வழக்கமாக இருக்கிறது. அலகு நகத்தைப் போன்றதன்று, அதன் நுனியில் நரம்புகள் நிறைந்திருக்கின்றன, வெட்டினால் வலிக்கும். கோழிகளின் வரிசையை உலகத்துக்குச் சொன்ன நார்வே தேசம், 1974-லேயே அலகு வெட்டுவதைச் சட்டத்தால் தடுத்துவிட்டது. வீட்டில் வளர்க்கும் 20 குஞ்சுகளுக்கு அந்தத் தண்டனை வேண்டியதே இல்லை.

வீட்டுக் குழந்தைகள் இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் பெரியோர்கள் மறக்கலாகாது. மெலிந்ததைப் பலர் சேர்ந்து கொத்தும் காட்சியைக் கண்டு, 'உலகமே இப்படித்தான்' என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொள்ளக் கூடும். பெட்டியைப் பெரிதாக்கி, விளக்கைத் தணித்து, தீனியைச் சீராக்கி, கிளறுவதற்கு உமியும் கொடுத்த பின்பு, அதே குஞ்சுகள் அதே மெலிந்த குஞ்சோடு ஒன்றாகப் படுத்து உறங்குவதையும் அந்தப் பிள்ளை பார்க்கட்டும். அதற்குப் பிறகு எந்தப் பாடப் புத்தகமும் அதைவிட நல்ல நீதியைச் சொல்லிவிட முடியாது.